மேடை கடைசியாக வரட்டும்: ஊர்ப் பிள்ளைகளோடு ஹிப் ஹொப் வேலை

கேள்வி: கல்முனைப் பக்கம் ஒரு இளைஞர் கழகம் நடத்துகிறோம். 15 முதல் 22 வயது வரை இருபத்தைந்து பேர். கிரிக்கெட் என்றால் எல்லாரும் வருவார்கள், சிரமதானம் என்றால் நாலு பேர். போனில் கேட்பதெல்லாம் ரெப். ஹிப் ஹொப்பை வைத்து இவர்களை முன்னேற்றி, ஊருக்கும் ஏதாவது செய்ய முடியுமா? ஒரு ரெப் போட்டியோடு தொடங்க யோசிக்கிறோம்.

பதில்: முடியும். ஆனால் போட்டியோடு தொடங்க வேண்டாம். போட்டி வைத்தால் ஏற்கெனவே பாடத் தெரிந்த ஐந்து பேர் பாடுவார்கள், மற்ற இருபது பேர் அதைப் போனில் படம் பிடிப்பார்கள். ஒலிபெருக்கிக்காரருக்கும் கேடயக் கடைக்கும் காசு போகும். அடுத்த கிழமை யாரும் வரமாட்டார்கள். தோற்ற பொடியன் அதற்கடுத்த கிழமையும் வரமாட்டான்.

இந்தக் கலாசாரம் எந்த வரிசையில் உருவானது என்று பார்த்தால் காரணம் விளங்கும். 1970களின் தொடக்கத்தில் நியூயோர்க்கின் புரொங்ஸ் பகுதி தெருக்குழுக்களின் கையில் இருந்தது. 1971 டிசம்பர் 2ஆம் திகதி, 'கெட்டோ பிரதர்ஸ்' என்ற குழுவின் சமாதானத் தூதுவரான கோர்னெல் பெஞ்சமின் ஒரு சண்டையை விலக்கப் போன இடத்தில் கொல்லப்பட்டார். பழிவாங்கல் நடக்கும் என்று ஊரே நினைத்திருக்க, அவருடைய குழு மற்றக் குழுக்களை ஹோ அவெனியூவுக்கு அழைத்து டிசம்பர் 8ஆம் திகதி பேச்சு நடத்தியது. அதற்குப் பிறகுதான் ஒரு தெருப் பிள்ளை இன்னொரு தெருவில் நடக்கும் விருந்துக்குப் பயமில்லாமல் போகக்கூடிய நிலை வந்தது. 1973 ஆகஸ்ட் 11ஆம் திகதி செட்ஜ்விக் அவெனியூ 1520ஆம் இலக்கக் கட்டடத்தில் டிஜே கூல் ஹேர்க் இசை போட்ட விருந்தைத்தான் ஹிப் ஹொப்பின் பிறந்தநாள் என்கிறார்கள். பாடசாலை தொடங்க முன்னர் உடுப்பு வாங்கக் காசு சேர்க்க அவருடைய தங்கை சிண்டி வைத்த விருந்து அது. பெண்களுக்கு 25 சதம், ஆண்களுக்கு 50 சதம்.

உங்கள் இடத்துக்கும் இதே வரிசை பொருந்தும். கல்முனை, பாண்டிருப்பு, சாய்ந்தமருது, காரைதீவு எல்லாம் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் ஊர்கள். மைக்கை வாங்க முன்னர், எந்த ஊர்ப் பிள்ளைகள் எந்த மைதானத்துக்கு வரமாட்டார்கள், ஏன் வரமாட்டார்கள் என்று கேட்டு அறிந்துகொள்ளுங்கள். கோயில், பள்ளிவாசல் நிருவாகத்தினரோடும் பாடசாலை அதிபரோடும் ஒரு தடவையாவது நேரில் பேசுங்கள். பேஸ்புக் போஸ்டரில் செய்தி அறிந்த பெரியவர், நேரில் அறிந்த பெரியவரைவிடப் பத்து மடங்கு எதிர்ப்பார்.

ஹிப் ஹொப்பில் நாலு கலைகள்: டிஜே வேலை, ரெப், பிரேக் நடனம், சுவர் எழுத்து. ஐந்தாவதாக 'அறிவு' என்று ஒன்றைச் சேர்ப்பார்கள், அதாவது தன்னையும் தன் ஊரையும் தெரிந்துகொள்வது. இந்த ஐந்தும் உங்களுக்கு ஏன் வேண்டும் என்றால், இருபத்தைந்து பேரில் மைக் பிடிக்க ஆசைப்படுவோர் ஏழெட்டுப் பேர்தான். கூச்சக்காரப் பிள்ளை பீட் செய்யும். ஓரிடத்தில் இருக்க முடியாத பிள்ளை ஆடும். கொப்பியின் கடைசிப் பக்கத்தில் கீறிக்கொண்டிருப்பவர் சுவருக்குப் போவார். 'ரெப் கழகம்' என்று பெயர் வைத்தால் அன்றைக்கே பாதிப் பேரை இழந்துவிடுவீர்கள்.

அடிப்படை அலகு மேடையல்ல, வட்டம். சைஃபர் என்பார்கள். எல்லாரும் வளைந்து நிற்க, ஒருவர் நடுவுக்கு வந்து ஆடியோ பாடியோ விட்டு அடுத்தவருக்கு இடம் விடுவார். மட்டக்களப்புப் பக்கத்துக்கு இது புதிதில்லை. வட்டக்களரியில் கூத்தாடியவர்களின் பேரப்பிள்ளைகள்தானே இவர்கள். கூத்தைப் பழக்கும் அண்ணாவியார் மத்தளத்தோடு சொல்லும் தாளக்கட்டும் பீட்பொக்ஸும் வாயால் அடிக்கும் தாளம் என்ற வகையில் ஒன்றுதான். வடசேரி, தென்சேரி என்று இரண்டாகப் பிரிந்து ஒருவரையொருவர் வசைபாடும் கொம்புமுறி விளையாட்டுக்கும், இருவர் எதிரெதிரே நின்று வரியால் மோதும் பெட்டில் ரெப்புக்கும் உள்ள உறவைச் சொன்னால் பெரியவர்கள் முகத்தில் சிரிப்பு வரும். அனுமதி வாங்க அது உதவும். ஆனால் இதை ஒரு பேச்சாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். முதல் மாதமே கூத்தையும் ரெப்பையும் கலக்கப் போகாதீர்கள். மூன்று மூன்றாக நடக்கும் ஆட்டத் தாளத்தை நாலடி பீட்டின் மேல் வைத்தால் இரண்டும் நொண்டும். பறைமேளத்தை எடுப்பதானால் அதை அடிப்பவரையே அழைத்து, கூலி கொடுத்து, வட்டத்துக்கு நடுவில் இருத்துங்கள். மேளத்தின் ஒலியை மட்டும் போனில் எடுத்துக்கொண்டு வருவது, சாதியின் பெயரால் அந்தக் கலைஞர்களுக்கு நடந்துவந்ததைத் திரும்பச் செய்வதாகிவிடும்.

வட்டத்துக்கு விதிகள் குறைவாக இருக்கட்டும். நடுவில் இருப்பவர் முடிக்கும்வரை யாரும் உள்ளே நுழைவதில்லை. தடுமாறினால் கைதட்டி நேரம் கொடுப்பது. போன் பையில். கற்றுக்கொண்ட ஒன்றை அடுத்த கிழமை இன்னொருவருக்குக் கற்றுக்கொடுப்பது. வளர்ச்சி என்று நீங்கள் தேடுவது பெரும்பாலும் இந்தக் கடைசி விதியில்தான் இருக்கிறது. 18 வயதுப் பிள்ளை 15 வயதுப் பிள்ளைக்கு ஒரு ஸ்டெப்பைப் பொறுமையாகச் சொல்லிக் கொடுக்கப் பழகினால், தலைமைத்துவப் பயிற்சி என்று தனியாக ஒரு செயலமர்வு தேவைப்படாது.

தூஷணத்தைப் பற்றிக் கட்டாயம் கேட்பார்கள். சொற்பட்டியல் போட்டுத் தடை செய்தால் அதைச் சுற்றிப் போகும் வழி கண்டுபிடிப்பதே விளையாட்டாகிவிடும். தாக்கும் இலக்கைத் தடை செய்யுங்கள்: தாய், மதம், சாதி, ஊர், உடல், இந்த ஐந்தையும் தாக்கி வரி வரக்கூடாது. கோபம், வறுமை, வெளிநாட்டில் இருக்கும் அம்மா, ஐஸ் போதைப்பொருள், எதைப் பற்றியும் எழுதலாம். ஆளுக்காள் பெட்டிலை முதல் மூன்று மாதம் தவிர்க்கலாம். அதற்குப் பதிலாக ஒரு தலைப்பைக் கொடுத்து இரண்டு பேரை எதிரெதிர்ப் பக்கம் நிறுத்துங்கள். டியூசன் வேண்டுமா வேண்டாமா என்பதே முப்பது நிமிடம் ஓடும்.

எழுத்துக்கு வருவோம். பெரும்பாலான கன்னி முயற்சிகள் விழுவது இங்கேதான். 90 பிபிஎம் வேகத்தில், அதாவது நிமிடத்துக்கு 90 அடி என்றால், நாலடி கொண்ட ஒரு பார் 2.7 செக்கன். 16 பார் ஏறக்குறைய 43 செக்கன். ஒரு பாரில் நுணுக்கமாக எண்ணினால் 16 இடம் இருக்கும். அதில் இரண்டை மூச்சுக்கு விட்டால் 14. புள்ளி எழுத்தை விட்டுவிட்டு எண்ணச் சொல்லுங்கள். பிள்ளைகள் எழுதிக்கொண்டு வரும் முதல் வரியில் 22 எழுத்து இருக்கும். அதைப் பாட மூச்சுக் காணாது, சொல் விழுங்கப்படும், 'எனக்கு ரெப் வராது' என்று முடிவெடுத்துவிடுவார்கள். வராதது ரெப் இல்லை, கத்தரிக்கோல்.

இரண்டாவது சிக்கல் தமிழுக்கே உரியது. ஆங்கில ரெப் வரியின் முடிவில் ஒத்து ஒலிக்கும், நம் இலக்கணத்தில் அதன் பெயர் இயைபு. தமிழில் வினைச்சொல் கடைசியில் வருவதால் 'செய்வோம், வெல்வோம், சொல்வோம்' என்று இயைபு தானாகவே விழும். இலவசமாகக் கிடைப்பதால் அதில் சுவை இல்லை, எட்டு வரியில் காது சலித்துவிடும். ஒத்திசைவை வரியின் தலைக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள்: இரண்டாம் எழுத்து ஒன்றினால் எதுகை, முதல் எழுத்து ஒன்றினால் மோனை. ஓஎல் தமிழ்ப் புத்தகத்தில் தூங்கிக்கொண்டிருக்கும் பாடம் உயிர் பெறுவதைப் பார்ப்பீர்கள். தமிழாசிரியரை வட்டத்துக்கு அழைக்க நல்ல சாட்டும் அதுதான். டெங்குக்காக இப்படி ஒரு கொக்கி, அதாவது பாட்டில் திரும்பத் திரும்ப வரும் பகுதி, எழுதலாம்:

சட்டிக்குள்ள மழத்தண்ணி, கவிழ்த்து வை மனே
தொட்டி ஓரம் முட்டை ஒட்டும், தேய்ச்சு விடு மனே
கட்டிப் போட்ட டயருக்குள்ள பார்த்து வை மனே
விட்டா ஏழு நாளைக்குள்ள பறந்திடும் மனே

ஒவ்வொரு வரியும் 14. எதுகை தலையில், 'மனே' கடைசியில் ஒரு ஆணிபோல. சென்னைத் தமிழிலோ மலேசியத் தமிழிலோ பாடினால்தான் ரெப் என்று நினைக்கும் பிள்ளைகளுக்கு நம் பக்கத்துப் பேச்சான 'மறுகா', 'மனே', 'என்னகா' எல்லாம் வரிக்குள் வரலாம் என்று தெரிவதே பெரிய விடுதலை. இன்னொன்று: பீட்டுக்காகக் குறிலை இழுக்க விடாதீர்கள். படம் பாடமாகும், கலை காலையாகும். இழுப்பு வேண்டிய இடத்தில் நெடில் உள்ள சொல்லைத் தேடுவதுதான் பயிற்சி.

கருவிகளுக்கு அதிகம் செலவழிக்காதீர்கள். பீட் செய்ய பேண்ட்லேப் போனிலேயே இலவசம், டிஜே பழக மிக்ஸ்க்ஸ் கணினியில் இலவசம். பாட்டைப் பதிய உடுப்புகள் நிறைந்த அலுமாரியைத் திறந்துவைத்து அதன் முன் நின்றால் எதிரொலி குறையும். வாய்க்கும் மைக்குக்கும் ஒரு சாண் இடைவெளி. சத்த அளவு உச்சத்தில் மைனஸ் 6 டெசிபெல்லைத் தாண்டாமல் பாருங்கள். போனை பிளைட் மோடில் போட மறந்தால் நல்ல டேக்கின் நடுவில்தான் அழைப்பு வரும். யூடியூபில் 'இலவச பீட்' என்று கிடப்பவை பெரும்பாலும் காசு உழைக்காத பாவனைக்கு மட்டும்தான். பாட்டு ஓடத் தொடங்கியபின் உரிமை கேட்டு முடக்குவார்கள். வாயாலும் கைதட்டாலும் மேசைத் தட்டாலும் செய்த சொந்த பீட்டுக்கு அந்தத் தொல்லை இல்லை. இசைக்கருவி வேண்டாம் என்று சொல்லும் குடும்பத்துப் பிள்ளைகளும் அதில் சேரலாம்.

நடனத்தில் காயம் வரும் இடம் மணிக்கட்டு, அடுத்தது கழுத்து. பதினைந்து நிமிடம் உடம்பைச் சூடாக்கி, அதில் ஐந்து நிமிடத்தை மணிக்கட்டுக்கே ஒதுக்குங்கள். முதல் நாலு கிழமை நின்றாடும் டொப்ரொக்கும் தரையில் சுற்றும் சிக்ஸ் ஸ்டெப்பும் போதும். தலையில் சுழல்வதை டிக்டொக்கில் பார்த்து வருபவரைத் தடுத்து நிறுத்துங்கள். நம் பக்கத்துச் சீமெந்துத் தரையில் கடல் மணல் எப்போதும் இருக்கும், அதுதான் வழுக்கும். ஈரத்துணியால் துடைத்து, 12 அடிக்கு 12 அடி பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டு ஓரங்களை டேப்பால் ஒட்டுங்கள். பெற்றோருக்குச் சொல்ல ஒரு செய்தி: பிரேக் நடனம் 2024 ஆகஸ்ட் 9, 10ஆம் திகதிகளில் பாரிஸ் ஒலிம்பிக்கில் போட்டியாக நடந்தது. ஆனால் ஒலிம்பிக் கனவை விற்காதீர்கள், 2028 லொஸ் ஏஞ்சலஸ் பட்டியலில் அது இல்லை.

நேரம் பெரிய விடயம். சனி, ஞாயிறு காலை டியூசன், வெள்ளி நண்பகல் ஜும்ஆ. எனவே சனி அல்லது ஞாயிறு பின்னேரம் நாலு மணி முதல் ஐந்தரை வரை. இருட்ட முன், மஃரிப் பாங்குக்கு முன் முடிந்தால் பெண்பிள்ளைகள் வருவார்கள். ஆறரைக்கு முடிந்தால் வரமாட்டார்கள், காரணத்தையும் சொல்லமாட்டார்கள். பெண்பிள்ளைகளுக்கு முதலில் தனி வட்டம் வைத்து, தாய்மார் உள்ளே வந்து இருந்து பார்க்க இரண்டு கதிரை போடுங்கள். றமழானிலும் ஓஎல், ஏஎல் காலத்திலும் எழுத்து வேலையை மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

இனி ஊர்ச்சேவை. கலை ஒரு பக்கம், சேவை ஒரு பக்கம் என்று பிரித்தால் பிள்ளைகள் கலைக்கு வந்து சேவைக்கு ஒளிவார்கள். அந்தக் கலை இல்லாமல் நடக்காத சேவையைத் தெரிவு செய்யுங்கள். மேலே உள்ள டெங்குக் கொக்கியையே எடுப்போம். வடகீழ் மழை தொடங்கும் ஐப்பசி, கார்த்திகைக்கு முன்னரே, பொதுச் சுகாதாரப் பரிசோதகரோடு போய் 50 வீட்டைப் பார்த்து, எத்தனை வீட்டில் நுளம்புப் புழு இருக்கிறது என்று எண்ணி எழுதுங்கள். எந்தப் பாத்திரத்தில் அதிகம் என்றும் குறியுங்கள், ஏனெனில் வரிகள் அதிலிருந்துதான் வரவேண்டும். பூச்சாடித் தட்டு அதிகமுள்ள ஊரில் டயரைப் பற்றிப் பாடிப் பயனில்லை. அந்தத் தகவல் திரட்டல்தான் ஐந்தாவது கலையான அறிவு. மூன்று கிழமை கழித்து அதே 50 வீட்டைத் திரும்ப எண்ணுங்கள். 18 வீடு 9 ஆகக் குறைந்தால், தங்கள் வரி வேலை செய்தது என்று பிள்ளைகள் கண்ணால் பார்ப்பார்கள். குறையாவிட்டால் வரியை மாற்றி எழுதுவார்கள். கேடயம் எதுவும் இதற்கு ஈடாகாது.

பாட்டை ஆட்டோவில் கட்டி ஊர் சுற்றுவதானால் சில கணக்குகள். 8 பார் பாட்டு, 4 பார் கொக்கி, 90 பிபிஎம்மில் 32 செக்கன். மணிக்கு 10 கிலோமீற்றர் வேகத்தில் ஆட்டோ அந்த நேரத்தில் 90 மீற்றர் போய்விடும், ஒரு வீட்டாருக்கும் முழுப் பாட்டும் கேட்காது. சந்திக்குச் சந்தி நிறுத்தி இரண்டு தடவை போடுங்கள். ஆட்டோவில் கட்டும் புனல் ஸ்பீக்கரில் தாழ்ந்த ஒலி வராது, போனில் அதிரும் பேஸ் முழுதும் காணாமல் போகும். கைதட்டு, சல்லரி போன்ற உயர்ந்த ஒலிகளில் தாளத்தை வைத்து, சொல்லை முன்னுக்கு எடுங்கள். பாண்காரரின் ஆட்டோ மெட்டு ஏன் எல்லாருக்கும் பாடமாகியிருக்கிறது? சின்ன மெட்டு, ஒரே நேரம், ஒவ்வொரு நாளும். மரண அறிவித்தல் போகும் நேரத்தில் உங்கள் ஆட்டோவை அந்தத் தெருவுக்கு விடாதீர்கள். ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் அனுமதி வேண்டும், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை அனுமதி கிடையாது. பாங்கு நேரத்திலும் பூசை மணி நேரத்திலும் நீங்களே நிறுத்திவிட்டால் அனுமதி அடுத்த தடவை இலகுவாகக் கிடைக்கும்.

இரண்டாவது சேவை, முதியவர்களிடம் உள்ள நாட்டார் கவிகளைப் பதிவது. தமிழ், முஸ்லிம் இரு பக்கமும் கவி பாடும் பாட்டிமார் இன்னும் இருக்கிறார்கள். பிள்ளைகள் பதிந்து, அதில் ஒரு வரியை பீட்டுக்குள் வைக்கலாம். ஆனால் அதை முதலில் பாடியவருக்கே போட்டுக் காட்டி, சம்மதம் கேட்டபின்தான் வெளியிட வேண்டும். காதல் கவி பாடிய மூதாட்டி அதை ஊர் கேட்பதை விரும்பாமல் போகலாம். மூன்றாவது, இரத்ததானம். 18 முதல் 60 வயது, 50 கிலோவுக்குக் குறையாத எடை, நாலு மாத இடைவெளி. வயது காணாத பிள்ளைகள் வரிசையில் காத்திருப்பவர்களுக்கு வட்டம் போடலாம்.

சுவர் வேலையில் அனுமதிக் கடிதம் முதல் வேலை. பாடசாலை மதில் என்றால் அதிபரும் வலயக் கல்வி அலுவலகமும், பொது மதில் என்றால் மாநகர சபை அல்லது பிரதேச சபை. 2019 கடைசியில் நாடு முழுக்க இளைஞர் சுவர் கீறியது நினைவிருக்கும். அவற்றில் பல உரிந்து போனதற்குக் காரணம் ஓவியமல்ல, அடிவேலை. வாவியோரமும் கடலோரமும் உள்ள மதிலில் உப்புப் பூக்கும். அதைத் தண்ணீரால் கழுவினால் உப்பு திரும்ப உள்ளே போகும், உலர்ந்த தூரிகையால் தட்டி எடுக்க வேண்டும். புதுப் பூச்சு என்றால் நாலு கிழமை விட்டு, சீலர் அடித்து, அதன்மேல் வெளிப்புற எமல்ஷன். 20 அடிக்கு 8 அடி மதில் ஏறக்குறைய 15 சதுர மீற்றர். லீற்றருக்கு 10 சதுர மீற்றர் என்று கணக்கிட்டால் இரண்டு பூச்சு அடித்தளத்துக்கு 3 லீற்றர், 4 லீற்றர் வாளி ஒன்று போதும். ஸ்ப்ரே டின் விலை அதிகம், 400 மில்லி டின் ஒன்று இரண்டு சதுர மீற்றரைக்கூட மூடாது. நிரப்புவதற்கு எமல்ஷன், விளிம்புக் கோட்டுக்கு மட்டும் ஸ்ப்ரே. துணி முகக்கவசம் அந்தப் புகையைத் தடுக்காது, வடிகட்டி உள்ள கவசம் ஒன்றிரண்டு வாங்கி, ஸ்ப்ரே அடிப்பவர் மட்டும் போடட்டும். மேற்கு பார்த்த மதிலைக் காலையில் தீட்டுங்கள், பின்னேர வெயிலில் கொதிக்கும் சுவரில் ஒரு தூரிகை இழுப்பு அடுத்ததோடு சேர முன் காய்ந்துவிடும். எழுத்தைப் பெரியவர் ஒருவரிடம் காட்டிவிட்டுத் தீட்டுங்கள். 'ன'வும் 'ண'வும் மாறிய மதில் பத்து வருடம் சிரிக்கும்.

இரண்டு ஆபத்துகளை மறைக்கக்கூடாது. முதலாவது, பிள்ளைகளின் பாதுகாப்பு. இந்தக் கலாசாரத்தின் முன்னோடிகளில் ஒருவர்மீதே 2016இல் சிறுவர் துஷ்பிரயோகக் குற்றச்சாட்டுகள் எழுந்தன. புகழுள்ள அண்ணன், மூடிய பதிவறை, பெயரெடுக்கத் துடிக்கும் பிள்ளை என்பது ஆபத்தான கூட்டு. எந்த நேரமும் இரண்டு வளர்ந்தவர்கள் இருக்க வேண்டும், பதிவறைக் கதவு திறந்திருக்க வேண்டும், தனிப்பட்ட வட்ஸ்அப் செய்தி கூடாது. 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர் படம் பெற்றோர் கையெழுத்தில்லாமல் வெளிவரக்கூடாது. முறைப்பாட்டு இலக்கம் 1929ஐச் சுவரில் ஒட்டுங்கள். எழுதும்போது சுனாமி, காணாமல் போனவர்கள், தற்கொலை எண்ணம் வெளிவரும். அதை மேடைக்கு ஏற்றத் துடிக்காமல், அன்று மாலையே அந்தப் பிள்ளையோடு பேசுங்கள். மனநல உதவிக்கு 1926.

இரண்டாவது, அரசியல் வரி. 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் பேஸ்புக் பதிவுக்காகவே இளைஞர் கைதான பகுதி இது. எழுதாதே என்று சொல்வது உங்கள் வேலையல்ல. ஆனால் எந்த வரிக்கு என்ன நடக்கலாம் என்று வெளியிட முன் ஒரு சட்டத்தரணியிடம் கேட்டுச் சொல்வது உங்கள் வேலை. பதினாறு வயதுப் பிள்ளை அந்தக் கணக்கைத் தனியாகப் போட முடியாது.

இத்தனையும் 12 கிழமையில் அடங்கும். முதல் மூன்று கிழமை வட்டம் மட்டும், அடுத்த நாலு கிழமை கலை வாரியாகப் பிரிந்து பழக்கம், மறுகா மூன்று கிழமை எண்ணிக்கையும் ஆட்டோவும் சுவரும். பதினோராவது கிழமை திரும்ப எண்ணுவது. பன்னிரண்டாவது கிழமை மேடை வேண்டுமென்றால் மேடை, அதிலும் 50 வீட்டாருக்கு முன்வரிசை. பதின்மூன்றாவது சனிக்கிழமை அதே நாலு மணிக்கு விரிப்பு விரிந்திருக்க வேண்டும் என்பதால், மண்டபத் திறப்பை இரண்டு மூத்த பிள்ளைகளிடம் எட்டாம் கிழமையே கொடுத்துவிடுங்கள். மதில் தீட்டி முடிந்ததும் வெறும் பெயின்ற் வாளிகளை மதிலுக்குப் பின்னால் போட்டுவிட்டுப் போகாதீர்கள். அடுத்த மழைக்கு டெங்குப் புழு முதலில் அதற்குள்தான் வரும்.